காற்றுக்கு அசையாத வளையம்

"அக்கா, எனக்குப் பாலு வேண்டாம். வெறும் தேத்தண்ணியாவே குடு."

தங்கமணி அதைச் சொன்னபோது மூக்கம்மா பால் போசியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு போசியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பால் கலக்காத டீயைத் தங்கமணிக்கென்றே வைத்திருந்த நசுங்கின டம்ளரில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். தங்கமணி ஒன்றும் நடக்காததுபோல ஊதி ஊதிக் குடித்தாள். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லைதான். கல்யாணமாகிப் பக்கத்து ஊட்டுக்கு வந்த நாளிலிருந்து, இந்த அடுப்படியில் இதே பலகையில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பாலு, இன்னும் கொஞ்சம் சக்கரை என்று கேட்டுக் கேட்டுக் குடித்தவள். இன்றைக்கு வேறு மாதிரி கேட்டாள், அவ்வளவுதான்.

தேத்தண்ணி. அந்தச் சொல் மேல் லைனுடையது. கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயிலிலும் அதற்குமேல் லாரியிலுமாக எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்த சிலோன்காரர்களை, புதிதாகத் தகரம் போட்ட மேல் லைன் வீட்டு வரிசையில்தான் குடிவைத்திருந்தார்கள். அவர்கள் டீயைத் தேத்தண்ணி என்றார்கள், ரொட்டியைப் பாண் என்றார்கள், ஊட்டைக் காம்பரா என்றார்கள். கீழ் லைன்காரர்களுக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஆனால் அந்தச் சொற்கள் மேல் லைனிலேயே இருந்தன. மேட்டை விட்டு இறங்கி, யாருடைய வாயிலோ ஏறி, தன் அடுப்படி வரைக்கும் வரும் என்று மூக்கம்மா நினைக்கவில்லை.

யார் வாயிலிருந்து தங்கமணி வாய்க்கு அது வந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சின்னம்மை. மேல் லைன் பொன்னுத்துரையின் பெண்டாட்டி. நெடுநெடுவென்று, மெலிந்து, கொழுந்துக்கூடைக்கு மேலே கழுத்து தனியாகத் தெரிகிற உயரம். மேஸ்திரி அழகர்சாமி போன வருஷம் கொழுந்து கிள்ள நிரை பிரித்துவிட்டபோது, தங்கமணிக்கு ஒரு பக்கம் மூக்கம்மா, மறுபக்கம் சின்னம்மை என்று வைத்தார். செடிகளின் இடுப்பளவு பச்சைக்கு நடுவே மூன்று பேரும் பக்கம் பக்கமாக நடந்தாலும், தங்கமணியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மூக்கம்மாவால் அவள் தலையில் கட்டியிருந்த துணியின் முடிச்சைப் பார்த்தே சொல்ல முடிந்தது. முடிச்சு தன் பக்கம் தெரிந்தால், முகம் அந்தப் பக்கம். இப்போதெல்லாம் முடிச்சுதான் தெரிந்தது.

சின்னம்மை கப்பலைப் பற்றிச் சொல்வாள். கடலைப் பற்றிச் சொல்வாள். தங்கமணி கடல் பார்த்ததில்லை. எமரால்டு அணையைவிடப் பெரிய தண்ணீரை அவள் கண்டதில்லை. "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே நடப்பாள். மூக்கம்மாவிடம் சொல்வதற்குக் கடல் இல்லை. காரமடையிலிருந்து அவளுடைய அப்பன் நடந்தே மலை ஏறிய கதை இருந்தது. அதைத் தங்கமணி பத்துத் தடவை கேட்டிருக்கிறாள்.

இதற்கு என்ன பெயர் என்று மூக்கம்மாவுக்குத் தெரியவில்லை. புருசனை இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டால் ஊரே கூடிவந்து நியாயம் பேசும். மண்ணை வாரித் தூற்றலாம், மாரியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசலாம். சிநேகிதியைப் பறிகொடுத்தவள் யாரிடம் போவாள்? என்னவென்று சொல்வாள்? என்னோடு டீ குடிக்கிறவள் இப்போது பால் வேண்டாம் என்கிறாள் என்றா? சொன்னால் சிரிப்பார்கள். அவள் புருசன் வேலன் சிரித்தேவிட்டான். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஒருத்தி ரெண்டு பேருகிட்டப் பேசக் கூடாதா?" என்றான். பேசலாம். அதுதான் தொந்தரவே. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. சின்னம்மையிடம் குறை கண்டுபிடிக்க மூக்கம்மா எவ்வளவோ முயன்றாள். காம்பு நீளமாகக் கிள்ளுகிறாளா என்று பார்த்தாள். இல்லை. வாய் நீளமா என்றால் அதுவும் இல்லை. எதிரே வரும்போதெல்லாம் "மூக்கம்மாக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பொட்டு ஊசிப்போயிருந்தாலும் மூக்கம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்கென்று மிச்சமிருந்தது இரண்டு. ஒன்று, தங்கமணியின் விரல். மற்றொன்று, ரிங்.

விரல் விஷயம் இது. சில வருஷங்களுக்கு முன்னால் கொழுந்து லாரியின் பின்கதவு விழுந்து தங்கமணியின் வலதுகை ஆட்காட்டி விரல் நசுங்கிவிட்டது. பக்கத்தில் மூக்கம்மா மட்டும்தான் இருந்தாள். மேஸ்திரிக்குத் தெரிந்தால் களை வெட்ட அனுப்பிவிடுவார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சரியில்லாதவளைக் கொழுந்தில் விட மாட்டார்கள். காய்ச்சல் என்று லீவு போட்டாள். திரும்பி வந்தபின் இரண்டு மழைக்காலம் முழுக்க, மூக்கம்மா தன் நிரையில் கிள்ளியதில் ஒரு பிடி தன் கூடைக்கு, ஒரு பிடி தங்கமணியின் கூடைக்கு என்று மேஸ்திரி பார்க்காதபோது போட்டுக்கொண்டே வந்தாள். விரல் ஆறியது. ஆனால் குளிரில் அது முழுசாக மடங்குவதில்லை. அதில் அடி பட்டால் உயிர் போகும். தங்கமணியின் புருசன் சுடலைமணிக்கு விரல் நசுங்கியது தெரியும், அது இன்னும் மடங்குவதில்லை என்பது தெரியாது. அது மூக்கம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ரிங் விளையாட்டிலும் அந்த விரல் உண்டு. ஆகஸ்ட் பதினைந்து அன்று ஃபேக்டரிக்குப் பக்கத்து மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, பெண்களுக்கு ரிங் ஆட்டம் நடக்கும். கொழுந்துச் சாக்கைப் பிரித்துக் கட்டிய வலை. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்றடி விட்டுக் கோடு; வளையம் அந்த மூன்றடிக்குள் விழுந்தால் எறிந்தவளுக்கு நஷ்டம், தாண்டி விழுந்தால் வாங்காதவளுக்கு நஷ்டம். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். பிடித்த கையாலேயே உடனே எறிய வேண்டும். மூக்கம்மாவும் தங்கமணியும் ஜோடி சேர்ந்து ஆட ஆரம்பித்தபிறகு வேறு யாரும் ஜெயித்ததில்லை. தங்கமணியின் வலக்கைப் பக்கம் எப்போதும் மூக்கம்மா நிற்பாள். நடுவில் வருவதையெல்லாம் அவள் பாய்ந்து பிடித்துவிடுவாள். பார்க்கிறவர்கள், மூக்கம்மாவுக்கு ஆசை அதிகம், ஒன்றையும் விட மாட்டாள் என்பார்கள். தங்கமணி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

ஜெயித்த ஜோடியில் கடைசிப் பாயிண்டு எடுத்தவள் வீட்டு ஆணியில் வளையம் ஒரு வருஷம் தொங்கும். அடுத்த ஆட்டத்துக்கு அவள்தான் வளையம் கொண்டுவர வேண்டும். எந்த வளையம் என்பது அவள் இஷ்டம். அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது. எப்போது ஏற்பட்ட வழக்கமோ, அப்படித்தான் நடந்துவந்தது.

ஜூலை மாதத்தில் ஒரு காலை, மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், வெல்ஃபேர் ஆபீசர் ஜஸ்டஸ் முன்னால் வந்து நின்றார். பாளையங்கோட்டைக்காரர், இந்தக் குளிருக்கு இன்னும் பழகாமல் மப்ளரை மூக்கு வரைக்கும் சுற்றியிருந்தார்.

"இந்த வருஷம் ரிங் ஆட்டத்துல ஒரு மாற்றம். ஜோடி கலந்துதான் ஆடணும். கீழ் லைன்ல ஒருத்தர், மேல் லைன்ல ஒருத்தர். இன்னும் எத்தனை நாளைக்கு நீங்க தனி, அவங்க தனின்னு இருக்கிறது? எல்லாரும் ஒரே எஸ்டேட்தானே?"

"அப்படியே கல்யாணத்தையும் கலந்து பண்ணி வெச்சுருங்க சார், செலவு மிச்சம்" என்றார் அழகர்சாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

மூக்கம்மா சிரிக்காமல் தங்கமணியைப் பார்த்தாள். தங்கமணி அவளைப் பார்க்கவில்லை. அவள் முகம் ஏற்கெனவே மேல் லைன்காரர்கள் நின்றிருந்த பக்கம் திரும்பியிருந்தது. அங்கே சின்னம்மை, கூட்டத்துக்கு மேலே தெரிந்த கழுத்தைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தினாள். அவ்வளவு வேகத்தில் அது முடிந்துவிட்டது.

காட்டுக்கு ஏறும்போது மூக்கம்மா கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்றதுக்கு என்னக்கா இருக்குது? நாம ரெண்டு பேரும் கீழ் லைனு. எப்படியும் சேந்து ஆட முடியாது. சார் சொன்னதும் அவ பேருதான் டக்குனு வந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்தபின், "நீ யாரச் சேத்திக்கறே?" என்றாள்.

"எவளோ ஒருத்தி."

அந்த எவளோ ஒருத்தி ஆண்டாயி ஆனாள். மேல் லைனில் மூத்தவர்களில் ஒருத்தி, ஆனால் கால் இன்னும் ஓடும், வாய் அதைவிட ஓடும். சிலோனில் தோட்டத்து மைதானத்தில் ரிங் ஆடியிருப்பதாகச் சொன்னாள். சின்னம்மையும் அதே தோட்டம்தான். சின்னம்மை எப்படி ஆடுவாள் என்று மூக்கம்மாவே மாலை வேளைகளில் பார்த்துவைத்திருந்தாள். பின்கோட்டில் நின்றுகொண்டு, அந்த நீளக் கைகளால், வளையத்தை மிதக்க மிதக்க அனுப்புவாள். காற்றில் எங்கே வந்தாலும் எட்டிப் பிடிப்பாள். மேலே வருவதை அவளிடமிருந்து தப்பவைக்க முடியாது. கீழே விழுவதற்குத்தான் அவள் குனிய வேண்டியிருக்கும். அந்த உயரம் குனிவதற்குள் வளையம் தரையைத் தொட்டுவிட வேண்டும். வலையைத் தாண்டி, மூன்றடிக் கோட்டையும் தாண்டி, தாண்டியதும் விழ வேண்டும். அவலாஞ்சிப் பக்கமிருந்து ஆகஸ்டில் வீசுகிற காற்று அதைத் தூக்கிவிடக் கூடாது.

பழைய வளையத்தில் அது நடக்காது. அதுவும் மெத்தென்று மிதக்கிறதுதான். போதாததற்கு, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. "புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க, பில்லை எங்கிட்டக் கொடுங்க" என்றார் ஜஸ்டஸ். ஞாயிற்றுக்கிழமை ஆண்டாயியையும் கூட்டிக்கொண்டு மூக்கம்மா ஊட்டிக்குப் பஸ் ஏறினாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் விற்கிற கடை. கடைக்காரர் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து இருவரையும் பார்த்துவிட்டு, மூன்று வளையங்களை எடுத்துப் போட்டார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

"போட்டுப் பாக்கலாமுங்களா?"

"பின்னால சந்துல போட்டுப் பாருங்கம்மா. ஓடைல மட்டும் விட்டுறாதீங்க."

முட்டைக்கோஸ் இலைகள் மிதிபட்டுக் கிடந்த சந்தில் ஆண்டாயி ஒரு கோடியில் நின்றாள். சிவப்பு வளையத்தைப் போட்டதும் சந்துக்குள் நுழைந்த காற்று அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டதுபோல மேலே தூக்கியது. தங்கமணியின் வளையம் இது என்று மூக்கம்மாவுக்குத் தோன்றியது. அவளுடைய எறிதலும் இப்படித்தான், மெதுவாக, யாருக்கும் வலிக்காமல் வந்து கையில் உட்காரும். அவளைச் சிவப்பு வளையத்தோடு நினைத்தபோது, உடனே அவள் பக்கத்தில் சின்னம்மையும் வந்து நின்றாள். மூக்கம்மா அதைக் கீழே வைத்துவிட்டாள்.

நீலம் நடுங்கிக்கொண்டே போனது. அதை இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கவில்லை.

கறுப்பு வளையம் தடிமனாக இருந்தது. உள்ளே காற்றில்லாத கெட்டி ரப்பர். கீழே போட்டால் குதிக்கவில்லை. தொப்பென்று விழுந்த இடத்தில் கிடந்தது. அவள் மணிக்கட்டைச் சுழற்றி அதை விட்டாள். நேராகப் போனது. காற்று வந்தது, அது பொருட்படுத்தவில்லை. போன வேகம் தீர்கிற இடத்தில் ஒரு தோளைச் சாய்த்து, இடப்பக்கம் திரும்பி, முட்டைக்கு உட்காருகிற கோழியைப்போல இறங்கிவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் அதே சாய்வு. எவ்வளவு அழுத்திப் போட்டாலும், எந்தப் பக்கம் குறிவைத்தாலும், கடைசியில் இடப்பக்கம் திரும்பியே விழுந்தது. சொன்ன பேச்சு மாறாத வளையம்.

ஒன்றை ஆண்டாயி கையில் வாங்கினாள். "அம்மாடி!" என்று கையை உதறினாள். "கல்லுல்ல வந்து விழுகுது! பன்னி மேல பட்டா பன்னி செத்துப்போகும்." பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா மூக்கம்மா, இது எனக்குத் தெரிஞ்ச கல்லுதான். அங்கிட்டு எங்க தோட்டத்துல நாங்க கயித்த எடுத்துச் சுத்தி..."

அங்கிட்டு. இந்த ஒரு வருஷத்தில் அங்கிட்டு அங்கிட்டு என்று கேட்டுக் கேட்டு மூக்கம்மாவுக்குக் காது புளித்திருந்தது. "ஏனுங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாவுது. கதைய அப்பறமாச் சொல்லுங்க" என்றாள்.

கடைக்காரர் கறுப்பைப் பார்த்துத் தயங்கினார். "இது ஸ்கூல் பசங்க மைதானத்துக்கு வாங்குறது. காத்துக்கு அசையாதுதான். ஆனா கையில வாங்குறவங்களுக்கு வலிக்குங்கம்மா. விரல்ல கிரல்ல பட்டுச்சுன்னா..."

"பரவாயில்லீங்க. கட்டிக் குடுங்க."

பஸ்ஸில் வளையம் மடியில் கனத்தது. ஆண்டாயி தூங்கிவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே கேரட் வயல்கள் படிப்படியாகப் போயின. மூக்கம்மா காற்றைப் பற்றி நினைத்தாள், கோட்டைப் பற்றி நினைத்தாள், சின்னம்மை குனிகிற வேகத்தைப் பற்றி நினைத்தாள். விரலைப் பற்றி நினைக்கவில்லை. கடைக்காரர் அந்த வார்த்தையைச் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாமல், சகதியைச் சுற்றி நடப்பதுபோல் சுற்றிச் சுற்றி நடந்தாள். சகதி எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்தவள்தான் அப்படி நடக்க முடியும்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் மழை விட்டிருந்தது, மஞ்சு விடவில்லை. கொடி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. பிறகு காற்று வந்து அதைப் பிரித்தது. மேல் லைன்காரர்கள் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்று பார்த்தார்கள். மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாகத் தோற்று வெளியேறி, சாக்கு வலைக்கு இந்தப் பக்கம் மூக்கம்மாவும் ஆண்டாயியும், அந்தப் பக்கம் தங்கமணியும் சின்னம்மையும் மட்டும் நின்றபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவரை நடந்த ஆட்டங்களுக்கு வெடிப்பு விட்ட பழைய வளையத்தை வைத்தே ஜஸ்டஸ் ஓட்டிவிட்டார். கடைசி ஆட்டத்துக்குத்தான் புது வளையம் என்று மூக்கம்மா சொல்லியிருந்தாள். அது அவள் இஷ்டம்.

முந்தானைக்குள்ளிருந்து கறுப்பை எடுத்ததும் தங்கமணியின் கண் அதன்மேல் விழுந்தது. வலக்கையை இடது கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். குளிருக்காக இருக்கும்.

பழக்கத்துக்கு ஒன்று போடச் சொன்னார் ஜஸ்டஸ். மூக்கம்மா சின்னம்மைக்குப் போட்டாள். சின்னம்மை அதைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் அவள் முகத்தில் என்னவோ ஓடியது. வெகுநாள் காணாத ஆளைச் சந்தைக் கூட்டத்தில் பார்த்ததுபோல.

"ஆண்டாயிக்கா! இது நம்ம தோட்டத்துக் கயித்து வளையமில்ல!"

"அதத்தான்டி அன்னைக்கே நான் சொல்ல வந்தேன்" என்று ஆண்டாயி இந்தப் பக்கமிருந்து கத்தினாள். "இந்தப் புள்ள கேட்டாத்தானே! கயித்தச் சுத்தி, சைக்கிள் டியூப்ப மேல சுத்தி, மஞ்சுல நனஞ்சா இதே கனம், இதே மாதிரி சாஞ்சு சாஞ்சு விழும். எத்தன வருசம் அதுல அடி வாங்கிருக்கோம்!"

கூட்டம் சிரித்தது. மூக்கம்மாவுக்குக் காதோரம் சூடேறியது. மிதக்க மிதக்க எறிவது இங்கே வந்து அந்தப் பழைய வளையத்தில் பழகிக்கொண்டதுதான் போலிருக்கிறது. சின்னம்மையின் கை இந்தக் கறுப்பிலேயே வளர்ந்த கை.

ஆட்டம் அப்படியே போனது. மூக்கம்மா கோட்டுக்கு அருகில் இறக்கியதையெல்லாம் சின்னம்மை, வளையம் இறங்குமுன்பே முன்னால் வந்து, எங்கே சாயும் என்று முன்கூட்டியே தெரிந்தவளாக, தாழ்வாகக் கையை நீட்டி வாங்கினாள். வாங்கியதைத் திருப்பி அதே மாதிரி இறக்கினாள். ஆண்டாயி ஓடி ஓடி மூச்சிரைத்தாள். ஆனாலும் மூக்கம்மா விடவில்லை. ஒன்று போனால் ஒன்று எடுத்தாள். பாயிண்டுகள் ஒட்டி ஒட்டியே வந்தன. தங்கமணி அதிகம் பிடிக்க வேண்டியே வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் இடக்கையால் வாங்கித் தத்தளித்துத் தள்ளினாள்.

அப்போதுதான் மூக்கம்மா அதைப் பார்த்தாள். ஆட்டத்தின் நடுவே, கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததை அதுவரை பார்க்காமல் இருந்திருக்கிறாள். சின்னம்மை தங்கமணியின் வலக்கைப் பக்கம் நின்றாள். நடுவில் வருகிறவற்றையெல்லாம் அவள் பாய்ந்து பிடித்தாள். தங்கமணியின் வலக்கைக்கு முன்னால், ஒரு முழம் சாய்ந்து, மூக்கம்மா நின்ற இடத்தில், மூக்கம்மா நின்ற மாதிரியே நின்றாள். அப்படி நிற்க வேண்டும் என்று யாரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லியிருக்கிறாள். கட்டிய புருசனிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறாள். எங்கே வைத்துச் சொல்லியிருப்பாள்? நிரையிலா, மேல் லைனில் அவள் காம்பராவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டா? விரலை நீட்டிக் காட்டியிருப்பாளா? சின்னம்மை அதைத் தன் கையில் எடுத்துப் பார்த்திருப்பாளா?

வளையம் மூக்கம்மாவின் கைக்கு வந்தது. பிடித்தால் உடனே எறிய வேண்டும். யோசிக்க ஆட்டத்தில் இடமில்லை. ஆனால் யோசனை என்பது சந்துக்குள் முட்டைக்கோஸ் இலைகளின்மேல் நின்றபோதே முடிந்துபோன ஒன்று. அவள் தங்கமணியின் இடக்கைப் பக்கக் கோட்டைக் குறிவைத்து அழுத்திப் போட்டாள். வெளியே போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தங்கமணி இடக்கையை நீட்டினாள். காற்று வந்தது. வளையம் அதைப் பொருட்படுத்தவில்லை. வேகம் தீர்கிற இடத்தில் தோளைச் சாய்த்து, திரும்பி, அவள் உடம்பைக் குறுக்கே கடந்து வலக்கைப் பக்கம் இறங்கியது. சின்னம்மை "விடு! விட்டுரு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். தங்கமணி விடவில்லை. ஏன் விடவில்லை என்பது மூக்கம்மாவுக்குப் பிறகும் விளங்கவில்லை. வலக்கையை விரித்து நீட்டினாள்.

ரப்பர் எலும்பில் படுகிற சத்தம் பெரிய சத்தமில்லை.

வளையம் தரையில் கிடந்தது. ஜஸ்டஸ் விசில் ஊதினார். அது கடைசிப் பாயிண்டு. கீழ் லைனும் மேல் லைனும் கலந்து கை தட்டின. ஆண்டாயி மூக்கம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஜோடி கலந்து ஆடவைத்ததில் ஜஸ்டஸுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தங்கமணி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வலையடியில் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. அழவில்லை.

"நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்கறேக்கா" என்றாள்.

மூக்கம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னம்மை வந்து தங்கமணியின் தோளைப் பற்றித் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சின்னம்மை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலாவது கோபம் இருக்கும் என்று மூக்கம்மா எதிர்பார்த்தாள். புரியாத ஆளைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தூக்குப்போசியை அலமாரியில் வைத்துவிட்டு, வளையத்தை ஆணியில் மாட்டியபோது வேலன் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தக் கனத்துக்கு ஆணி தாங்குமா? செவுரோட வந்துரப் போகுது" என்றான். அடுப்பில் டீ கொதித்தது. பால் போசியை எடுத்தவள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறும் டீயை டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கு வறண்டுபோகிற கசப்பு. இதில் தங்கமணி என்ன கண்டாள் என்று தெரியவில்லை. முழுசையும் குடித்தாள். பக்கத்து ஊட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தங்கமணி மஸ்டருக்கு வந்தாள். "கை எப்படி இருக்குது?" என்று அழகர்சாமி கேட்டதற்கு, "அது அப்பவே சரியாப் போச்சுங்க" என்று சிரித்தாள். கொழுந்துத் துணியை இழுத்துவிட்டுக் கையை மறைத்திருந்தாள். மலை ஏறியபின்தான் தெரிந்தது, ஆட்காட்டி விரலையும் அதற்கு அடுத்ததையும் சேர்த்து மஞ்சள் துணியால் சுற்றியிருந்தாள். துணிக்கு மேலே கை வீங்கியிருந்தது.

மஞ்சு செடிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் நிரையில் இறங்கினார்கள். தங்கமணி இடக்கையால் கிள்ளினாள். ஒரு கொழுந்துக்கு இரண்டு தடவை கை போனது. தலை முடிச்சு மூக்கம்மா பக்கமும் தெரியவில்லை, சின்னம்மை பக்கமும் தெரிந்திருக்காது. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி மேட்டைத் தாண்டி மறைந்ததும், மறுபக்கமிருந்து சின்னம்மையின் நீளக் கை செடிகளுக்கு மேலே வந்தது. ஒரு பிடி கொழுந்து தங்கமணியின் கூடைக்குள் விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு பிடி.

மூக்கம்மா பார்த்துக்கொண்டே கிள்ளினாள். அந்தக் கூடையின் எந்த இடத்தில் போட்டால் சத்தம் வராது என்பது அவளுக்குத் தெரியும். பிடி நிறைந்தது. அதைத் தன் கூடைக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்து விரித்துப் பார்த்தாள். ஒரு முற்றின இலை இருந்தது, காம்பு நீண்டதும் ஒன்று இருந்தது. இரண்டையும் பொறுக்கிக் கீழே போட்டாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஈரம் சொட்ட, சின்னம்மை போட்டதைவிட இளசாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டித் தங்கமணியின் கூடைக்குள் விட்டாள்.

தங்கமணியின் கழுத்து ஒரு கணம் நின்றது. திரும்பவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கமிருந்து ஒரு பிடி விழுந்தது. இந்தப் பக்கமிருந்து ஒரு பிடி விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் கூடைக் கயிறு அவள் நெற்றியில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. அவள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்தபடி, மஞ்சுக்குள் ஓர் அடி எடுத்துவைத்தாள்.